நெஞ்சுப் படத்தில் கணினி பார்த்தது

சுகன்யாவின் ஆய்வுக் கட்டுரையை வெளிநாட்டு மாநாடு ஒன்று ஏற்றுக்கொண்டதிலிருந்து கல்லூரியில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயைக் காட்டினால் போதும், காசநோய் இருக்கிறதா இல்லையா என்று கண் மூடித் திறப்பதற்குள் அவள் எழுதிய நிரல் சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி. துறைத்தலைவர் வேதமுத்து யாருக்கும் ஒரு காப்பிகூட வாங்கிக் கொடுத்தறியாத மனிதர். அவரே எல்லோருக்கும் காராசேவு வாங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகன்யா அந்தக் கணினியைச் சொந்த வீட்டு விஷயத்திலும் நம்பியிருந்தாள். பேறுகால விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சீவலப்பேரியிலிருந்து வரவேண்டிய அம்மா இசக்கித்தாய்க்கு விடாத இருமல். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இருமலோடு ஒருவரை எப்படி வைத்துக்கொள்வது? நல்லவேளையாக அவள் நிரலோடு ஊர் ஊராகப் போகிற எக்ஸ்ரே வேன் அந்த வாரம் சீவலப்பேரிக்கே முகாம் போயிருந்தது. அம்மாவை வரிசையில் நிற்க வைத்தாள். கணினி ‘நோய் இல்லை’ என்றது. அன்று மாலையே அம்மாவைத் தன் தச்சநல்லூர் வீட்டுக்குக் கூட்டிவந்து பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டாள். மூன்று மாதம் ஓடிவிட்டது. இருமல் மட்டும் நிற்கவில்லை.

“வெறும் சளிதாம்மா. கம்ப்யூட்டரே சொல்லிட்டுல்லா” என்று சுகன்யா சுக்குத் தட்டிப் போட்டுக் காப்பி கொடுப்பாள்.

கல்லூரி ஆய்வகத்தில் அவள் உட்கார்ந்திருந்த ஒரு முற்பகலில் டாக்டர் டார்லினின் அழைப்பு வந்தது. டார்லின் நெஞ்சுநோய் மருத்துவர். கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நோயாளிகளின் படங்களைத் தந்ததே அவருடைய மருத்துவமனைதான்.

“சுகன்யா, இந்த மூணு மாசமா முகாம்லருந்து உன் கம்ப்யூட்டர் நோய் இருக்குன்னு அனுப்புன பொம்பளைகளுக்குச் சளி டெஸ்ட் பண்ணியாச்சு. ஒருத்திக்கும் ஒண்ணுமில்ல.”

“ஒருத்திக்குமா, அக்கா?”

“ஆமா. சொல்லவே ஒரு மாதிரியா இருக்கு. அவ்வளவு பேரும் தாலி இல்லாதவங்க. பாதிப் பேரு புருஷன் செத்தவங்க, மீதி கல்யாணம் ஆகாத பிள்ளைக. ஆம்பளைகள்ல சரியாத்தான் கண்டுபிடிக்குது. பொம்பளைககிட்டதான் இந்தக் கூத்து.”

சுகன்யாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. புருஷன் இருக்கிறானா செத்தானா என்று எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்ல அது என்ன ஜோசியமா? போனை வைத்ததும் கணினியைத் திறந்தாள்.

படத்தின் எந்த இடத்தைப் பார்த்துக் கணினி முடிவெடுத்தது என்று சிவப்புப் பூசிக் காட்டுகிற வழி ஒன்று உண்டு. கட்டுரைக்காக அதை ஆண்களின் படங்களில் ஓட்டிப் பார்த்திருந்தாள். சிவப்பு அச்சடித்த மாதிரி நுரையீரலில் விழுந்திருந்தது. அதோடு விட்டுவிட்டாள். இப்போது பெண்களின் படங்களை எடுத்து ஓட்டினாள். நுரையீரலில் ஒரு பொட்டுச் சிவப்புக்கூட இல்லை. எல்லாம் நடுநெஞ்சில், தாலி தொங்குகிற இடத்தில்.

விஷயம் அவளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. கட்டியவன் உயிரோடு இருக்கையில் வெறுங்கழுத்தாக நிற்க இந்தப் பக்கத்துப் பெண்கள் சம்மதிக்கமாட்டார்கள். அதனால் டார்லினின் மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையிலேயே மஞ்சள் கயிறு வைத்திருப்பார்கள். கயிற்றைக் கட்டிக்கொண்டு பிறகுதான் தங்கத்தைக் கழற்றுவார்கள். கயிறு எக்ஸ்ரேயில் தெரியாது. நோயாளிகளின் படங்கள் எல்லாம் அங்கே எடுத்தவை. நோயில்லாதவர்களின் படங்களோ முகாம் வேனில் எடுத்தவை. வேனில் கயிறும் கிடையாது, காத்திருக்கப் பொழுதும் கிடையாது. “பரவால்ல, அப்படியே நில்லுங்கம்மா” என்று தாலியோடு எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தாலி தெரிந்தால் சுகம், தெரியாவிட்டால் நோய் என்று கணினி படித்துவைத்திருந்தது. பரீட்சைக்கு வைத்த படங்களும் அதே இரண்டு இடங்களிலிருந்து வந்தவை என்பதால் மதிப்பெண்ணுக்கும் குறைவில்லை. இந்த லட்சணத்துக்குத்தான் காராசேவு.

அம்மா கழுத்தில் தாலி இருக்கிறதே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அம்மாவின் படத்தை எடுத்துத் தாலியின் மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை வைத்து மறைத்தாள். கணினி உடனே ‘நோய் இருக்கிறது’ என்றது. வேறொரு பெண்ணின் தாலியை மறைத்தாள். அவளுக்கும் நோய் இருக்கிறது. அடுத்தவளுக்கும் அதேதான். அம்மாவின் நுரையீரலைப் பற்றி அந்த இயந்திரத்துக்கு அன்றும் ஒன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. முடிவைப் படித்தாளே தவிர, படத்தை அவளும் இதுவரை திறந்து பார்த்ததில்லை. இப்போது உற்று உற்றுப் பார்த்தாள். எங்கும் புகை மூட்டமாகத்தான் தெரிந்தது. டார்லினுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

டார்லின் உடனே கூப்பிட்டார். “இது யாரு படம்?”

“எங்க அம்மா.”

டார்லின் மெதுவாக, “பிள்ள யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டார்.

“அம்மாகிட்டதான்.”

“ரெண்டு பேரையும் இப்பமே கூட்டிட்டு வா.”

ஆட்டோ பிடித்துத் தச்சநல்லூர் போய்ச் சேர்ந்தாள். இசக்கித்தாய் பிள்ளையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருமினாள். இருமும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. எதற்குத் திருப்ப வேண்டும்? மகள்தான் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாளே.

மருத்துவமனையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தாலியைக் கழற்றும்போது இசக்கித்தாய், “கம்ப்யூட்டருதான் இல்லன்னுச்சே, திரும்ப என்னத்துக்குட்டி எடுக்காவ?” என்றாள். சுகன்யா தாலியை வாங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வலப்பக்கம் மேலே, தோள் எலும்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டை டார்லின் விரல் வைத்துக் காட்டினார். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே இடத்தில் இருந்தது, இதைவிடச் சின்னதாக. சளிப் பரிசோதனையும் மாலைக்குள் நோயை உறுதி செய்தது. பிள்ளையையும் சோதித்தார்கள்.

“இப்போதைக்குப் பிள்ள நெஞ்சு சுத்தமா இருக்கு. ஆனாலும் மருந்து கொடுத்தே ஆகணும். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கிடணும். அம்மாவுக்கு மாத்திரை கேக்குற வரைக்கும் பிள்ள அங்கன போகக்கூடாது” என்றார் டார்லின்.

வெளியே பெஞ்சில் இசக்கித்தாய் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் பிள்ளை சுகன்யாவின் இடுப்பிலிருந்து தாவியது. எப்போதும் ஓடிவந்து வாங்கிக்கொள்ளும் இசக்கித்தாய் எழுந்து பின்னால் போய்ச் சுவரோடு சுவராக நின்றுகொண்டாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

“அன்னைக்கே இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சும்மா. கம்ப்யூட்டரு உங்க தாலியப் பாத்துதான் நோய் இல்லன்னு சொல்லிருக்கு.”

இசக்கித்தாய் அழவுமில்லை, மகளைத் திட்டவுமில்லை.

“ஏட்டி, அன்னைக்கு எங்கூட வரிசையில நின்னவளுவ எல்லாரும் தாலியோடதானே நின்னாளுவ. எல்லாருக்கும் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீய. அவளுவ வீட்டுலயும் பிள்ளைக இருக்கே.”

அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுகன்யா டாக்டரின் அறைக்குத் திரும்ப ஓடினாள்.