இரண்டு கிட்டார், ஒரு நாற்காலி

பிளெஸ்ஸியின் காதைப் பற்றி அந்தக் கிறிஸ்தவக் கோயில் பங்கில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவளுக்குச் சுத்தமாகக் கிடையாது. உபதேசியார் வீட்டு மிக்சியில் பேரிங் போய்விட்டதைத் தெருவில் நடந்து போகும்போதே சொன்னவள் அவள். வேலை அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். ஞாயிற்றுக்கிழமையானால் பாடகர் குழுவுக்கு முன்னால், மைக்கை ஒட்டிப் போட்ட நாற்காலியில், கிட்டாரும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வருசமாக அது அவள் நாற்காலி. கோயிலில் கிட்டாருக்கென்று இருப்பது அந்த ஒரே மைக்.

அந்த நாற்காலிக்குத்தான் வந்தது வம்பு.

வம்புக்குப் பெயர் செம்மல். அவளுடைய பெரியப்பா மகன். குவைத்தில் நாலு வருசம் ஏசி வேலை பார்த்துவிட்டு, இனி ஊரோடுதான் என்று ஒரு கிட்டாரோடு வந்து இறங்கினான். பிளெஸ்ஸியினுடையது ஜப்பான் கம்பெனி. அவனுடையது அமெரிக்கன் கம்பெனி. போதாதா? வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்.

“ஒன்னோடது நல்ல கிட்டார்தான் பிளெஸ்ஸி, இல்லேங்கல. ஆனா அது பேசும். இது பாடும்.”

“பாடுறதுக்குத்தான் எட்டுப் பேரு நிக்கிறாகளேண்ணே. கிட்டாரு வேற எதுக்குப் பாடணும்?”

இப்படியே இரண்டு வாரம். ஜப்பான்காரன் செய்வதில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும், ஃபேன் இரைச்சலிலும் கலங்காது என்பாள் இவள். அமெரிக்கன் கிட்டாரில் கீழ்க்கம்பி ஒன்றைத் தட்டினால் நெஞ்சுக்குள் இறங்கும் என்பான் அவன். பெட்டியைத் திறந்து காட்டினானே தவிர ஒருத்தரையும் தொடவிடவில்லை. குழுத்தலைவி ஆரோக்கியம்மாளுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போஸ்ட் ஆபீஸ்காரம்மா, பேச்சில் வளவளப்பே இருக்காது.

“சனிக்கிழமை ஒத்திகையில ரெண்டையும் திரைக்குப் பின்னாடி வச்சு வாசிக்கணும். எது எதுன்னு தெரியாம எட்டுப் பேரும் கேப்போம். எது ஜெயிக்குதோ அந்தக் கிட்டாரும் அதுக்கு ஒடையவுகளும் நாற்காலில. அப்புறம் யாரும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அலையக் கூடாது.”

யார் வாசிப்பது என்ற பேச்சு வந்தது. ஒரே கை வாசித்தால்தான் நியாயம். செம்மலே சொன்னான்: “பிளெஸ்ஸியே வாசிக்கட்டும். அவ கள்ளத்தனம் பண்ண மாட்டா.”

சும்மா சொல்லக்கூடாது, பெரிய மனசுதான். ஜெயிப்போம் என்ற திமிரும் அதில் பாதி.

சனிக்கிழமை சாயங்காலம், சாமியார் உடை மாற்றும் அறை வாசலில் திரையை இழுத்துவிட்டு, பிளெஸ்ஸி உள்ளே உட்கார்ந்தாள். மற்றவர்கள் வெளியே பெஞ்சில். செம்மலுக்கு ஓட்டுக் கிடையாது, ஓரமாக நின்றான். பூசை தொடங்கும்போது பாடும் வருகைப் பாட்டை முதலில் தன் கிட்டாரில் வாசித்தாள். அதற்கு மெலிந்த கழுத்து, பழகிய கம்பிகள், விரல் தானாக ஓடியது. சத்தம் பளிச்சென்று, எண்ணி எடுத்துக்கொள்ளலாம்போல வந்தது. பிறகு அவனுடையதை மடியில் வைத்தாள். கழுத்து கொஞ்சம் கனம், ஆனால் உள்ளங்கை நிறைய உட்கார்ந்தது. ஆகா, இது பெரிய கைவேலைக்காரன் செய்தது என்று பயந்துபோனாள். தட்டினாள்.

வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த வரியிலேயே உறுத்தியது. பின்பலகை வயிற்றில் கிர்ரென்று அதிர்கிறது, முன்பலகை மட்டும் கம்மென்று கிடக்கிறது. இதென்ன கூத்து? வாசித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பளபளவென்று ஒரு மினுக்கு. ஓரத்தில் நகத்தை வைத்தாள், தாள் கிளம்பியது. அடப்பாவி! மொபைல் போனுக்கு ஒட்டுகிற மாதிரி முன்பலகை முழுக்க லேமினேஷன்!

“மொதல்ல வாசிச்சது!” வெளியே எட்டுக் கையும் தூக்கியாயிற்று. கைதட்டல் வேறு. இரண்டு கிட்டாரோடும் திரையை விலக்கிக்கொண்டு வந்து தன்னுடையதைத் தூக்கிக் காட்டினால், செம்மல் முகம் கறுத்துப்போய் நிற்கிறான். பிளெஸ்ஸி வாயைத் திறக்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. சத்தத்தை அமுக்கியது தாள்தான் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. உட்காரத்தான் போனாள். காதுக்குள் அந்தப் பொத்தின சத்தம் போகவே மாட்டேன் என்றது. கள்ளத்தனம் பண்ண மாட்டாள் என்று சொன்னானே, பாவி!

“இது செல்லாது. அவுக கிட்டாரு மேல தாள் ஒட்டியிருக்கு. மொதல்ல அதப் பிரிக்கணும்.”

பைத்தியக்காரி, ஜெயித்த பந்தயத்தைத் தானே கலைக்கிறாளே என்று ஆரோக்கியம்மாளே ஒரு நிமிசம் பார்த்தாள். செம்மலோ பதறிவிட்டான்.

“பிரிக்கிறதா? கீறல் விழுந்துரும்! திருச்சியில எறங்குனதும் வீட்டுக்குக்கூடப் போகாம, அறந்தாங்கி போயி கடையில நின்னு ஒட்டுனேன். அங்கிட்டு நாலு வருசம் மொட்டமாடி வெயில்ல நின்னதுல, கெளம்புற அன்னைக்கி எனக்குன்னு வாங்குனது இது ஒண்ணுதான்.”

“தாள் இல்லாம இத ஒரு நாளாச்சும் வாசிச்சிருக்கீங்களா?”

அவன் அப்படி வாசித்ததே இல்லை.

“அப்ப கண்ணாடிப் பெட்டில வச்சுப் பாத்துக்கிட்டே இருங்க. பாடும்னு மட்டும் ஊரெல்லாம் சொல்லாதீங்க.”

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். செம்மல் கிட்டாரை வாங்கி, பெஞ்சில் கிடத்தி, புண்ணிலிருந்து பிளாஸ்திரி எடுக்கிற மாதிரி மெல்ல மெல்ல உரித்தான். கம்பிக்கு அடியில் வந்தபோது ஒற்றை ஆளால் முடியவில்லை. பிளெஸ்ஸி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி திரை. இந்தத் தடவை அவனுடையதை முதலில் எடுத்தாள். முதல் தட்டிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கீழ்க்கம்பி அறையை நிறைத்தது. மேல்கம்பிகள் அதன்மேல் சாவகாசமாக வந்து உட்கார்ந்தன. என்னமாய் ஒரு சத்தம்! கொஞ்சம் தப்பாக வாசித்தால் என்ன என்று ஒரு நினைப்பும் வந்தது, விரல் கேட்கவில்லை. தன் கிட்டாரையும் முழு மனதோடு வாசித்தாள். அதன்மேல் ஒரு குறையும் இல்லை. இது பெரிது, அவ்வளவுதான்.

ஆறு கை செம்மலுக்கு. இரண்டு கை இவளுக்கு.

பிளெஸ்ஸிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மறைக்கவும் இல்லை. செம்மல் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இந்தச் சத்தத்தை அவனும் இப்போதுதான் கேட்கிறான். “நீயே ஒக்காரும்மா. இத நீயே வாசி. நான் பின்னாடி நிக்கிறேன்.”

“வேணாம்ண்ணே. எரக்கப்பட்டுக் குடுக்குற எடத்துல எனக்கு ஒக்கார வராது. பந்தயம்னா பந்தயம். அடுத்த திருவிழாவுக்குள்ள இத அடிக்கிற கிட்டாரு ஒண்ணு தேடிப்பிடிச்சுக் கொண்டாருவேன். அதுவரைக்கும் ஒக்காந்துக்கிருங்க.”

ஆரோக்கியம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டு நோட்டைப் பிரித்தாள். செம்மல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பிளெஸ்ஸி பாடகர் வரிசையில் எட்டுப் பேரோடு ஒன்பதாவதாகப் போய் நின்று, அவன் முதல் கம்பியைத் தட்டியதும் எல்லோருக்கும் முன்னால் பாட்டை எடுத்தாள். குரல் நடுங்கவே இல்லை.