அவன் அழுதான்

செத்ததற்குப் பத்திரம் வேண்டுமென்றால் முதலில் பிறந்திருக்க வேண்டும். ஏ.ஜி.ஏ. ஒபிசில் பிறப்பு இறப்புப் பதிவு செய்கிற நோனா, அந்தச் சிங்கள அம்மா, என்னிடம் இதைத்தான் சொன்னார். அவர் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்து மேசையிலிருந்த லதீபா மிஸ் தமிழில் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் இந்த மாதிரிப் பேச்சை ஒரு தடவை கேட்டால் மனதில் ஏறாது, இரண்டாம் தடவையும் வரட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

"ஒங்க புள்ள செத்தே பொறந்ததுன்னு ஆஸ்பத்திரியில எழுதியிருக்காங்க. அப்பிடிப் பொறந்த புள்ளைக்கு மரணச் சான்றிதழ் குடுக்க ஏலாதுன்னு நோனா சொல்றாங்க."

"அவன் அழுதான் மிஸ்," என்றேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் றக்வானைக்கு மேலே, பஸ் ரோட்டும் அலுத்துப்போய் நின்றுவிடுகிற இடத்தில் இருக்கிறது. எனக்கு வலி எடுத்த அன்று தோட்டத்து அம்புலன்ஸ் கராஜில் கிடந்தது. அது ஓடி நான் பார்த்ததைவிடக் கிடந்து பார்த்ததுதான் அதிகம். என் கணவர் இந்திரகுமார் மேசன் வேலைக்குப் பெல்மதுளைக்குப் போயிருந்தார். கடைசியில் கொழுந்து லொறியில்தான் என்னை ஏற்றினார்கள். லொறியை ஓட்டியது சசி, என் கணவரின் தம்பி. பின்னால் சாக்குகளை விரித்து நான் படுத்திருக்க, மாமியார் ஜெயம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தார்.

ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் பொறுக்கவில்லை. ரோட்டிலேயே பிறந்தான். பிறந்ததும் அழுதான். முனகல் இல்லை, நல்ல கோபத்தோடு அழுதான். என் பிள்ளைதான் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. மாமியார் அவனை எடுத்துத் துடைத்தது வரைக்கும் தெரியும். அதற்குப் பிறகு இரத்தம் போய், கண் இருட்டி, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வார்ட்டில் கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. "செத்தே பொறந்துச்சு, அழவேயில்ல" என்று மாமியார் டொக்டரிடம் சொல்லியிருந்தார். டொக்டரும் அதையே எழுதியிருந்தார். நான் எழுந்து உட்காருவதற்குள் புதைத்துவிட்டும் வந்துவிட்டார்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழுதவன் மண்ணுக்குள் இருந்தான், பால் என் சட்டையில் வழிந்து கொண்டிருந்தது.

நாங்கள் வரிசை வீடுகளில் இருக்கிற எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்து ஒரு மூச்சு அழுத பிள்ளை செத்தாலும் அது சாவுதான். ஆட்கள் வருவார்கள், பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழாத பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. யாரும் வந்து கேட்கவும் மாட்டார்கள், கேட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆகாதாம். நான் வீட்டுக்கு வந்தபோது லயத்தில் எல்லாரும் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனால், "பொறக்காததுக்கு எதுக்குப் புள்ள அழுவுற? ஒடம்பப் பாத்துக்க" என்றார்கள். நான் ஒபிஸ் ஒபிசாக ஏறத் தொடங்கியதும் நஷ்டஈட்டுக்கு அலைகிறேன் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எனக்கு ஒரு நஷ்டஈடும் வேண்டாம். என் மகன் இருந்தான், பிறகு செத்தான் என்று யாராவது ஒருவர் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான்.

மாமியாரிடம் கேட்கும் போதெல்லாம் ஒரே பதில்தான். "ஒனக்கு மயக்கம். லொறிச் சத்தத்தக் கேட்டுட்டு புள்ளச் சத்தம்னு நெனைக்கிற." என் கணவரிடம் கேட்டால் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல இருப்பார். மாமியார் பொலிசுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னார் என்று நானே ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தேன். உயிரோடு பிறந்த பிள்ளை வழியில் செத்தால் விசாரணை, அது இது என்று இழுப்பார்கள். எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரியாத மனுஷி பயப்படத்தானே செய்வார்?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட வந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதினோம் என்றார்கள். கிராம சேவகரிடம் போனேன், தோட்டத்து ஒபிசில் கடிதம் வாங்கி வரச் சொன்னார். தோட்டத்து ஒபிசில் பெரிய தொரை லீவு என்றார்கள். லீவு முடிந்து வந்தவர், தோட்டத்தில் அப்படி ஒரு சாவே நடக்கவில்லையே என்றார். பிறகுதான் ஏ.ஜி.ஏ. ஒபிசுக்கு வந்தேன். அந்த நோனா என்னைத் துரத்தவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். லொறியில் இருந்தவர்கள் வந்து வாக்குமூலம் கொடுக்கட்டும், பிள்ளை அழுதது என்று ஒருவராவது சொன்னால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார். இரண்டு பேருக்கும் ஒபிசிலிருந்தே கடிதம் போனது. அரசாங்க முத்திரை போட்ட கடிதம் என்றால் எங்கள் ஆட்கள் வராமல் இருக்க மாட்டார்கள்.

கடிதத்தில் குறித்த நாளில் என் கணவரும் சேர நால்வரும் போனோம். முதலில் சசியைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் முன்னுக்கு இருந்தேன். இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றான்.

அடுத்தது மாமியார். "அழல" என்றார். ஒரே ஒரு சொல்.

நோனா என்னைப் பார்த்தார். பாவம் என்று நினைத்திருப்பார். எனக்கு அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. வாக்குமூலத்தை முடிக்க வேண்டுமே என்று, பிள்ளையை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டார். லதீபா மிஸ் தமிழில் கேட்டார்.

"என் முந்தானையில சுத்தி மடியில வச்சிருந்தேன்," என்றார் மாமியார்.

"மொகத்தயும் மூடித்தானே?" இதை லதீபா மிஸ் தானாகத்தான் கேட்டார். செத்த பிள்ளை என்றால் முகத்தை மூடித்தானே இருப்பார்கள்.

"மொகத்த எப்பிடி மூடுறது?" என்றார் மாமியார், விவரம் கெட்டவளிடம் சொல்வது போல. "மூச்சு முட்டிப் போகாதா?"

லதீபா மிஸ் அதை உடனே சிங்களத்தில் சொல்லவில்லை. மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாருக்குத் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அழுத்தி என்ன பிரயோசனம்?

"அத்த," என்றேன். "சொல்லுங்க."

அவர் சசியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்க்காமல் சொன்னார்.

"அழுதான். நல்லா அழுதான். நீ மயங்கின பொறகு என் வெரலக் குடுத்தேன், சப்பினான். கீழ் டிவிசன்ல கொழுந்து நிறுக்குற மடுவத்துல இவன் லொறிய நிப்பாட்டினான். கொழுந்து நிறுத்து வச்சிருந்தாங்க, பொம்பளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. தனியா ஒவ்வொரு மூட்டையாத் தூக்கித் தூக்கிப் போட்டான். லொறிய எடுடா எடுடான்னு கத்தினேன். நிப்பாட்டினப்ப புள்ள என் வெரலச் சப்பிக்கிட்டுத்தான் இருந்தான். ஏத்தி முடிச்சு லொறி கெளம்பினப்ப வெரல விட்டுட்டான்."

சசி அழத் தொடங்கினான். "கணக்கப்புள்ள ஐயா போன் பண்ணினாரு அண்ணி. போற வழிதானே, கொழுந்து வாடிப்போகும், ஏத்திக்கிட்டுப் போன்னாரு. இன்னும் வேலைய நிரந்தரமாக்கல, முடியாதுன்னு எப்பிடிச் சொல்றது? கொஞ்ச நேரந்தானேன்னு நெனச்சேன்."

கொழுந்து மூட்டை என்ன பாரம் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு ஆள் தனியாக ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்றும் தெரியும். கொஞ்ச நேரமாம்!

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தம்பி அன்னைக்கே சொல்லிட்டான்," என்றார். "போன உசுரு போயிருச்சு கோகிலா. இவனையும் ஜெயிலுக்கு அனுப்பணுமா?"

இத்தனை நாளும் என் பக்கத்தில் படுத்து எழும்பிய மனுஷன். இரவில் நான் சட்டை மாற்றும் போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர். அவருக்கும் துக்கம் என்றல்லவா நினைத்தேன்!

நோனா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். லதீபா மிஸ்ஸின் குரல் இறங்கியிருந்தது. இதை எழுதினால் மரண விசாரணை அதிகாரிக்கும் பொலிசுக்கும் போகும். குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லலாம். டிரைவரை விசாரிப்பார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பிறப்பையும் இறப்பையும் பதியலாம். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லுங்கள், எழுதாமல் விடலாம்.

தோண்டுவது என்றால், அவனை இரண்டாம் தடவை வெளியே எடுப்பார்கள், யாரோ ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சசியும் கெட்டவன் இல்லை. எனக்குச் சாக்கு விரித்தவன் அவன்தான். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லதீபா மிஸ்ஸை விட்டுவிட்டு நேரே சிங்களத்திலேயே நோனாவிடம் சொன்னேன். என் மகன் லொறியில் பிறந்தான், மடுவத்தில் செத்தான், எழுதுங்கள் என்றேன். வாசித்துக் காட்டியதும் மாமியார் கையெழுத்து வைத்தார். சசியும் வைத்தான். என் கணவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

திரும்பும்போதும் ஒரே பஸ்தான். எங்கள் பக்கத்துக்கு வேறு பஸ் கிடையாது. கீழ் டிவிசனில் ஆள் இறக்க பஸ் நின்றபோது நானும் இறங்கினேன். என் கணவர் கூப்பிட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. மாமியாரும் பின்னால் இறங்கி வந்தார். பஸ் போய்விட்டது.

"எங்க நிப்பாட்டினான்?" என்று கேட்டேன். மாமியார் மடுவத்துக்கு முன்னால் டயர் தடம் விழுந்த ஓர் இடத்தைக் காட்டினார். அங்கேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். மாமியார் வந்து என் தோளைப் பிடித்தார். அவர் மேல் இருந்த ஆத்திரம் அப்படியேதான் இருந்தது, ஆனாலும் கையைத் தட்டிவிட எனக்குத் தெம்பில்லை. அவர்தான் முதலில் ஒப்பாரி எடுத்தார்.

மடுவத்தில் பின்னேரக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். எங்களை அவர்களுக்குத் தெரியாது. வயதான ஒரு அக்கா முதுகுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார்.

"என்னம்மா, யாரு செத்துட்டா?" என்று கேட்டார்.

"என் மகன்," என்றேன்.