தழும்பைத் துடைத்தவர்கள்

திரையில் அந்த முகம் வந்ததும் புஷ்பலதாவுக்கு அடிவயிற்றிலிருந்து நெருப்புக் கிளம்பியது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை. முன்வரிசையில் நிருபர்கள், நடுவில் படத்தயாரிப்பாளரின் பேரன் அச்சுதனும் அவன் நண்பர்களும், பின்வரிசையில் புஷ்பலதா. அவளுக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் வைத்துவிட்டுக் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தாள் அங்காளம்மாள். 'வலைக்குள் நிலா' வெளிவந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் மீன் ஏலக் காட்சியில் வரும் இளம்பெண் இந்த அங்காளம்மாள்தான். தன்னைத் திரையில் அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"படம் வந்தப்ப மொத புள்ளைக்கு வலி எடுத்துக்கினு கெடந்தேன்மா. எழுந்து நடமாடுறதுக்குள்ள படத்தைத் தூக்கிட்டானுங்க" என்று வரும் வழியெல்லாம் காரில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சிட்லபாக்கத்தில் ஃபிரெடி என்பவர் நடத்தும் லேபில் பழைய படங்களைச் சீர்செய்வது புஷ்பலதாவின் வேலை. அந்தப் படத்தின் நெகட்டிவ் எப்போதோ அழிந்துபோயிருந்தது. மூடிக்கிடந்த ஒரு தியேட்டரின் மாடியில் ஒரே ஒரு பிரிண்ட் அகப்பட்டது. டப்பாவைத் திறந்தால் காடி நாற்றம் மூக்கைப் பிடுங்கும். சுருங்கி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த பிலிமை அவள் பிரித்தெடுத்து, கிழிந்த ஓரங்களை ஒட்டி, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பிம்பமாகத் தூசி துடைத்தாள். இரண்டு வருஷம் அதிலேயே போனது.

ஏலக் காட்சிதான் அவளைப் படாதபாடு படுத்தியது. அந்தப் பெண்ணின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கம்ப்யூட்டருக்குத் தூசிப் புள்ளியும் தெரியாது, தழும்பும் தெரியாது. இரண்டையும் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடும். அதனால் அந்தக் காட்சி முழுவதற்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையாலேயே செய்தாள். எது பிலிமின் காயம், எது பெண்ணின் காயம் என்று பார்த்துப் பார்த்து. அந்த முகத்தோடு அத்தனை மாதம் வாழ்ந்த பிறகு, இது யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. படத்தின் எழுத்துகளில் பெயர் இல்லை. படம் எடுத்த குப்பத்தில் போய் விசாரித்தாள். குப்பத்தில் பாதிப்பேர் இல்லை. காலி செய்யப்பட்டு பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். அங்கே, கடல் கண்ணுக்கே தெரியாத ஏழாம் மாடியில், கதவைத் திறந்தது அதே தழும்புகள்.

இப்போது திரையில் அந்தத் தழும்புகள் இல்லை.

முகம் மொழுமொழுவென்று இருந்தது. கறுத்த தோல் கோதுமை நிறமாகியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம் முழுக்க வண்ணம் பூசியிருந்தார்கள். கடல் பிளாஸ்டிக் நீலத்தில் இருந்தது. மணல் மஞ்சள். கூடையில் இருந்த வஞ்சிரங்கூட மினுமினுத்தது. வியாபாரி அடிமாட்டு விலை கேட்கிறான். அந்தப் பெண் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து அவன் முகத்தில் வீசுகிறாள். "கடலு இன்னா உங்கப்பன் வூட்டுச் சொத்தா?" என்று மூலப் படத்தில் கத்துவாள். அந்தக் குரலைத் தேய்மானத்துக்கடியிலிருந்து மீட்க புஷ்பலதா வாரக்கணக்கில் ஹெட்போனும் காதுமாகக் கிடந்திருந்தாள்.

திரையிலிருந்த கோதுமை நிறப் பெண் வாயைத் திறந்தாள். செய்தி வாசிப்பவள் போல ஒரு குரல் வந்தது.

"ஐயா, நியாயமான விலை கொடுங்கள்."

முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"எப்பம்மா நான் வருவேன்?" என்று அங்காளம்மாள் குனிந்து கேட்டாள்.

புஷ்பலதா திரையைக் காட்டினாள். "இப்ப வந்தது... நீங்கதாம்மா" என்றாள்.

அங்காளம்மாள் திரையைப் பார்த்தாள். மடக்கியிருந்த காலைக் கீழே இறக்கினாள். பிறகு எழுந்து நின்றாள். குப்பத்துக் கரையில் நின்று ஏலம் கூவிய தொண்டை அது. வயசு அதை ஒன்றும் செய்திருக்கவில்லை.

"யோவ்! நிறுத்துய்யா படத்த! இன்னாயா இது? யாரு இவ? எவளோ ஒருத்திய நிக்க வெச்சிட்டு நான்னு சொல்றீங்களா? என் மூஞ்சி எங்க?"

விளக்குப் போட்டார்கள். அச்சுதன் சிரித்த முகம் மாறாமல் நடந்து வந்தான்.

"அம்மா, உங்களை இன்னும் அழகா காட்டியிருக்கோம். இப்ப இருக்கிற யூத்துக்குப் பழைய குவாலிட்டி செட் ஆகாது. சந்தோஷப்படணும் நீங்க."

"அழகா காட்டுனியா? அம்மை வார்த்து, ஆத்தா வந்து எறங்குன மூஞ்சிடா இது! உங்க தாத்தனே இந்த மூஞ்சிதான் வேணும்னு மேக்கப்காரனைத் தொரத்திட்டுப் படம் புடிச்சான். நீ யாருடா தொடைக்கறதுக்கு?"

நிருபர்கள் செல்போனைத் தூக்கினார்கள். அச்சுதனின் சிரிப்பு மறைந்தது. அவன் புஷ்பலதாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "மேடம், இவங்களை யார் கூட்டிட்டு வரச் சொன்னது?"

"நான் கொடுத்த படம் எங்க, சார்?"

"அதைத்தான் இன்னொரு டீம்கிட்ட கொடுத்து இம்ப்ரூவ் பண்ணினோம்."

"இம்ப்ரூவா? ரெண்டு வருஷம் கண்ணு பழுக்க உட்கார்ந்து ஒவ்வொண்ணா நான் காப்பாத்தி வெச்சதை ஒரே ராத்திரியில மெஷினை விட்டு வழிச்சு எடுத்திருக்கீங்க. இதுக்குப் பேரு ரெஸ்டொரேஷன் இல்ல சார். பொணத்துக்கு பவுடர் போடறதுகூட இதைவிட மரியாதையான வேலை. என்னோட மூல ஸ்கேன் எனக்குத் திரும்ப வேணும்."

"அந்த டிரைவ் மேலயேதான் புது வெர்ஷனை எழுதினாங்க. லேப் காப்பியையும் அக்ரிமென்ட்படி அழிக்கச் சொல்லிட்டேன். லீக் ஆயிடக் கூடாதில்ல?"

"சரி. ரீல் இருக்கு. மறுபடி முதல்லேருந்து ஸ்கேன் பண்றேன்."

அச்சுதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அந்த டப்பாவெல்லாம் நாத்தம்னு ஃபிரெடி சாரே சொன்னார். டிஜிட்டல் வந்தாச்சே, இனி எதுக்கு? முந்தாநாள் ஸ்க்ராப்புக்கு அனுப்பியாச்சு."

அவனை அறைந்துவிடுவோமோ என்று புஷ்பலதாவுக்கே பயமாயிருந்தது. வெளியே வந்து ஃபிரெடிக்குப் போன் செய்தாள். அவர் முதலில் மழுப்பினார். "ஓனர் சொன்னா நான் என்னம்மா பண்றது" என்றார். அவள் போட்ட சத்தத்தில் கடைசியில் இடத்தைச் சொன்னார். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு ஷெட். பழைய எக்ஸ்ரே ஷீட்டையும் கறுப்பு வெள்ளை பிலிமையும் மருந்தில் கழுவி வெள்ளி எடுக்கிற இடம்.

"உங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஆட்டோ ஏத்தி விடட்டுமா?" என்று அங்காளம்மாளிடம் கேட்டாள்.

"இன்னாத்துக்கு? என் மூஞ்சி அங்கதான கீது? வண்டிய எடு."

ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்றைக்கென்று நெரிசல். வண்டலூரில் நின்று, கூடுவாஞ்சேரியில் நின்று, மறைமலைநகரில் ஒரு கன்டெய்னர் லாரியின் பின்னால் ஊர்ந்து போனார்கள். புஷ்பலதா வாய்க்குள் எல்லோரையும் திட்டிக்கொண்டே கார் ஓட்டினாள். அச்சுதனை, ஃபிரெடியை, கைதட்டிய முன்வரிசையை. ஒரு தேசத்தின் படங்கள் சைக்கிளில் தியேட்டர் தியேட்டராய்த் தேய்ந்தும் குடோன் எலிகளிடம் போயும் அழிய, தப்பியது கொஞ்சம். தப்பித்ததையும் வாரிசு கொண்டுபோய் மருந்துத் தொட்டியில் போடுகிறான்.

ஷெட் வாசலில் நீலப் பீப்பாய்கள். உள்ளே அமிலத்தின் நெடி. எலியேசர் என்ற மேஸ்திரி கையுறையைக் கழற்றியபடி வந்தார்.

"ஞாயித்துக்கெழம ஆளு இல்ல மேடம். இன்னா வேணும்?"

"சிட்லபாக்கத்துலேருந்து வந்த பிலிம் ரீல். எங்க?"

அவர் ஒரு மூலையைக் காட்டினார். தகர டப்பாக்கள் அடுக்கியிருந்தன. டப்பாக்களின் மேல் புஷ்பலதா தன் கையால் ஒட்டிய எண்கள். ஓடிப்போய் ஒவ்வொன்றாய்த் திறந்தாள். முதல் ரீல் இருந்தது. இரண்டாவது இருந்தது. அடுக்கின் மேலே இருந்த டப்பா மட்டும் காலி. மேலே இருந்ததைத்தான் முதலில் எடுத்திருக்கிறார்கள்.

"இதுல இருந்தது?"

"நேத்து கழுவியாச்சே. அதோ காயுது."

சுவரோரம் கட்டியிருந்த கம்பியில் பிலிம் சுருள்சுருளாய்த் தொங்கியது. கண்ணாடி போல. புஷ்பலதா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத் துளைகள் இருந்தன. அவள் போட்ட ஒட்டுகள் இருந்தன. அதைக் கொண்டுதான் இது தான் தனியாகச் சுற்றி வைத்த ஏலக் காட்சி ரீல் என்று தெரிந்துகொண்டாள். படம் இல்லை. பக்கத்தில் கோடாக ஓடிய ஒலியும் இல்லை. பிலிமுக்கு அந்தப் பக்கம் எலியேசரின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அடுத்த சுருளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அங்காளம்மாள் அந்தப் பிலிமை வாங்கி விரலால் தடவினாள். "இதுலயா நான் இருந்தேன்?"

"ஆமாம்மா."

"சத்தம்?"

"அதுவும் இதுலதான் இருந்தது."

அங்காளம்மாள் எலியேசரை நோக்கித் திரும்பினாள். "தே, இங்க பாரு. மிச்சம் கீற டப்பா ஒண்ணக்கூட நீ தொடக் கூடாது. தொட்ட, பெரும்பாக்கத்துப் பொம்பளைங்க அம்பது பேர இட்டாந்து இந்த ஷெட்டு வாசல்ல குந்த வெப்பேன். மீனு கழுவுன தண்ணிய உன் மருந்துல ஊத்துவேன்."

எலியேசர் பதறினார். "யம்மா, எனக்கு வந்த சரக்கு, நான் கழுவுனேன். இதுல இன்னா படம்னுகூட எனக்குத் தெரியாது. பேஜார் பண்ணாத, எடுத்துக்கினு போ. நானே வண்டில ஏத்தறேன்." சொன்னபடியே ஏற்றினார். டிக்கி நிறைந்து, பின்சீட்டு நிறைந்தது. அங்காளம்மாள் மடியில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

அன்று சாயங்காலமே புஷ்பலதா வேலையை விட்டாள். டப்பாக்களைச் சேலையூரில் தன் படுக்கையறையில் அடுக்கி, ஏ.சி.யை நிறுத்தாமல் ஓடவிட்டாள். பிறகு நடந்தது அத்தனையும் எழுதி, கழுவிய பிலிமின் புகைப்படத்தோடு, அச்சுதன் படத்தை அனுப்பியிருந்த வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்கு அனுப்பினாள். ஆசியாவின் பழைய படங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்து, ஜப்பான், இலங்கை, பிலிப்பைன்ஸ் படங்களோடு இதையும் சேர்த்திருந்தார்கள். அவர்கள் அச்சுதனுக்குச் சொன்ன பதில் சுருக்கமானது: மூலப்படம் இருந்தால் போடுவோம், இந்த வண்ணப்படம் வேண்டாம்.

அடுத்த வாரம் அச்சுதன் புஷ்பலதா வீட்டு வாசலில் நின்றான். கையில் பூங்கொத்து வேறு.

"அக்கா, நடந்தது நடந்துபோச்சு. இருக்கிற ரீலை வெச்சு ஒரிஜினலா பண்ணிக் கொடுங்க. நீங்க சொல்ற லேப், நீங்க சொல்ற மாதிரி."

மேடம் அக்காவாகியிருந்தாள். அவனை உள்ளே கூப்பிடவில்லை.

"செய்றேன். ரீல் எதுவும் உங்ககிட்ட திரும்பி வராது. ஆவணக் காப்பகத்துக்குப் போகும். எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"டன். அப்புறம் அந்த ஏலக் காட்சிக்கு மட்டும்... நம்ம கலர் வெர்ஷன் இருக்கில்ல? அதையே பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கி உள்ளே சொருகிடலாம். கொஞ்சம் கிரெயின், கீறல் போட்டா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"வேற வழி?"

"அந்த இடத்துல கறுப்பு. காட்சி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் வெறும் கறுப்பு. சத்தமும் கிடையாது. அதுக்கு முன்னால, இங்கே இருந்த காட்சியை உரிமையாளரே அழிச்சார்னு எழுத்துல வரும். அதுல நடிச்சவங்க பேரும் வரும்."

"என்னை அசிங்கப்படுத்தறீங்க."

"ஆமா" என்றாள் புஷ்பலதா. "சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா விழாவுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

அவன் கத்தினான், வக்கீல் என்றான், மாடிப்படியில் பாதி இறங்கிப் போனான். பூங்கொத்தை வாசலிலேயே போட்டுவிட்டான். இரண்டு நாள் கழித்துக் கையெழுத்து வந்தது.

வேலை முடியும் தறுவாயில் புஷ்பலதா பெரும்பாக்கத்துக்குப் போனாள். லிப்ட் ஓடவில்லை. ஏழு மாடி ஏறி மூச்சிரைக்க உட்கார்ந்தவளுக்கு அங்காளம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். புஷ்பலதாவின் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டாள். "அம்மா, அந்தக் கறுப்பு வர்ற நேரத்துல உங்க குரல் மட்டும் போடலாமா? அன்னைக்குச் சொன்ன வசனத்தை இப்ப நீங்க சொல்லுங்க. பதிவு பண்ணிக்கறேன். பாக்கறவங்களுக்கு ஏதாவது கேக்கும்."

அங்காளம்மாள் யோசிக்கவில்லை.

"வாணாம். என் பேர மட்டும் பெருசா போடு. அப்பால கருப்பாவே வுடு. துட்டு குட்த்து வந்து குந்திகினு கீறவன் ஒண்ணியும் தெரியாம, ஒண்ணியும் கேக்காம கெடக்கட்டும். இன்னாடா இதுன்னு அவனுக்கும் வயிறு எரியட்டும்."

புஷ்பலதா தலையாட்டினாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, "பேரை எப்படிப் போடணும்?" என்று கேட்டாள்.

"அங்காளம்மா. மீன்காரி அங்காளம்மான்னு போடு."