சுங்கை மெராந்தியின் இருநூற்றுப் பதினேழு கைகள்

1930ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், சுங்கை மெராந்தி ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில், முன்னாள் போலீஸ் சார்ஜன் சபாபதிக்கு ஆதரவாகத் தூக்கப்பட்ட இருநூற்றுப் பதினேழு கைகள் அதன்பிறகு கீழே இறங்கவில்லை. எதிர்த்து நின்ற கள்ளுக்கடைக் குத்தகைக்காரருக்குக் கை தூக்கிய முப்பத்தொரு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் கையை இறக்கி, சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மற்ற இருநூற்றுப் பதினேழு பேரும் தூக்கிய கையோடு வீட்டுக்குப் போய், தூக்கிய கையோடு சாப்பிட்டு, தூக்கிய கையோடு படுத்து எழுந்து, மறுநாள் விடியலில் தூக்கிய கையோடு தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் வந்து நின்றார்கள். அங்கே கங்காணி பெயர் கூப்பிட்டால் கை தூக்க வேண்டும். எந்தப் பெயருக்கு எந்தக் கை என்று அன்று கங்காணிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார், பிடித்து இழுத்துப் பார்த்தார், கடைசியில் தானே களைத்துப்போய், வலி இல்லாததால் இது வியாதி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இது எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் சபாபதி எங்கிருந்து வந்தார் என்று சொல்ல வேண்டும். காலராவில் ஊரே காலியானபின் ஒன்பது வயதில் யாரோ கப்பலேற்றிவிட்ட பிள்ளை அவர். கப்பல் அவரைச் சுமத்ராவில் டெலிப் பக்கத்தில் டச்சுக்காரர் நடத்திய புகையிலைத் தோட்டமொன்றில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒவ்வொரு மாலையும் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, இலை திருடியிருக்கிறார்களா என்று மடியைத் தடவிப் பார்ப்பார்கள். கை தலைக்கு மேலே இருக்க வேண்டும், சோதிக்கிறவன் இறக்கு என்று சொல்லும்வரை இறக்கக் கூடாது, இறக்கினால் பிரம்பு. பதினான்கு வருஷம் அந்தக் கட்டளையைக் கேட்டுக் கேட்டு அது அவர் தொண்டையிலேயே தங்கிவிட்டது. 1913இல் கரி ஏற்றிய சீனப் படகொன்றில், மூட்டைகளுக்கடியில் படுத்தபடி தப்பிவந்து மலாய் நாட்டில் பத்து பகாட் என்ற ஊரின் கரையில் இறங்கியபோது அவர் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான். அது தன்னிடம் இருப்பது அவருக்கே அப்போது தெரியாது.

மெராந்தித் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்ற கைம்பெண், ரப்பர்த் தகடு காயவைக்கும் புகைக்கொட்டகையில் அவரை நாற்பது நாள் ஒளித்துவைத்தாள். பார்த்துவிட்டவர்களிடம் கூடப்பிறந்த தம்பி என்றாள். முகத்தில் துளிகூட ஒற்றுமை கிடையாது. டச்சுக்காரத் துரையின் ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோதும், ஓங்கிய கம்புக்கு முன்னால் நின்று அதையேதான் சொன்னாள். அந்த ஒரு பொய்க்காகவே அவளைப் பற்றி இங்கே நான்கு வரி நல்லபடியாக எழுத வேண்டும். வேறு யாரும் எழுதப்போவதில்லை.

1915இல் லாயாங் லாயாங் சந்தையில், மீன்காரரை வெட்டிவிட்டுப் பாராங் கத்தியோடு ஓடிவந்த ஒருவனைப் பார்த்துச் சபாபதி பயத்தில் "கையத் தூக்கு!" என்று கத்தினார். அவன் கை உயர்ந்தது, கத்தி விழுந்தது. கூடவே, தமிழில் ஒரு சொல்லும் தெரியாத கோழிக்காரச் சீனர், பிசாங் என்று கூவி வாழைப்பழம் விற்ற மலாய்க்கார அம்மாள், குதிரைமேல் வந்துகொண்டிருந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஆகியோரின் கைகளும் உயர்ந்தன. சபாபதி "இறக்கு" என்றபிறகுதான் எல்லாம் இறங்கின. இன்ஸ்பெக்டர் தோளைத் தேய்த்துக்கொண்டே பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார். சபாபதி பெயரை மட்டும் சொன்னார். அடுத்த மாதமே காக்கி உடுப்புக் கிடைத்தது.

துப்பாக்கி தேவைப்படாத போலீஸ்காரர் என்பதால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அதில் பெரும்பங்கு, தோட்டத்தைவிட்டு ஓடிப்போன தொழிலாளர்களைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவது. ஓடிவந்தவருக்கு, ஓடுகிறவன் எந்தச் சதுப்பில் ஒதுங்குவான் என்று தெரியும். அவர் காட்டோரம் நின்று ஒருமுறை குரல் கொடுத்தால், தூக்கிய கையோடு ஒவ்வொருவராக வெளியே வந்து வரிசையில் நடப்பார்கள். தோட்டத்து வாசலில் "இறக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேவலமான வேலை என்று அவருக்குத் தெரியும். பேச்சியம்மாளிடம் ஒருமுறை சொல்லி அழவும் செய்தார். ஆனால் விட்டுவிட்டால் தன்னையே யாராவது பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இப்படியே 1921இல் கார்ப்பரல் ஆனார், 1926இல் சார்ஜன் ஆனார்.

1929 கடைசியில் சுங்கை மெராந்திக்கு ஒரு நகர சபை அமைந்தது. இந்தியர் சார்பில் ஓர் உறுப்பினரை இந்தியர் சங்கம் தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்றார்கள். போலீஸில் இருப்பவர் நிற்க முடியாது என்பதால் சபாபதி உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். பதவி ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது மட்டும் இல்லை. சபை உறுப்பினர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறுவார். ஊர் என்ற கட்டத்தில் சுங்கை மெராந்தி என்று எழுதுவார்கள். அதன்பிறகு யாரும் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது. அவர் வாழ்நாள் முழுவதும் தேடியது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் கதிரேசு யாழ்ப்பாணத்துக்காரர். சங்கத்தின் செயலாளரும் அவரே. பெண்களும் கை தூக்கலாம் என்று சபாபதி கேட்டுக்கொண்டதற்கு ஒத்துக்கொண்டு, முதலில் குத்தகைக்காரருக்கான கைகளை முறைப்படி கேட்டு எண்ணினார். அடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அரை நிமிஷத்தில், பொறுமையிழந்த சபாபதி எழுந்து நின்று, "எனக்கு ஆதரவா இருக்கிறவங்க கையத் தூக்குங்க!" என்று போலீஸ் குரலில் சொல்லிவிட்டார்.

"சார்ஜன், கேக்க வேண்டியது நான். நீங்கள் ஏன் கேட்டனீங்கள்?" என்றார் கதிரேசு. இருந்தாலும் எண்ணினார். உடனே மாலை விழுந்தது, மேளம் வந்தது, சபாபதியைத் தோளில் தூக்கிக்கொண்டு நகர சபை வாசல்வரை போனார்கள். அந்தக் கூத்தில் இறக்கு என்ற சொல்லை அவர் மறந்தே போனார். மறுநாள் ஞாபகம் வந்து சொல்லப் புறப்பட்டபோது மாவட்ட அதிகாரியின் கடிதம் கையில் கிடைத்தது. என் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒரு நாளாகியும் ஆதரவு குறையவில்லை, இந்த மாநிலத்தில் வேறு எவருக்கும் இப்படி இல்லை, அந்தக் கைகள் உயர்ந்திருக்கும் வரை மறுதேர்தல் வேண்டியதில்லை, இறங்கினால் அன்றே வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சபாபதி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தார். பிறகு ஒரு மாதம்.

சனங்கள் பழகிக்கொண்டார்கள், பழகாமல் என்ன செய்வது? தொழிலாளர் குடியிருந்த லயங்களில் கதவு நிலையை உயர்த்திக் கட்டினார்கள். தையற்காரர் வலத்தோள் திறந்த சட்டை தைத்தார். மழைக்காலத்தில் உள்ளங்கையில் தேங்கிய தண்ணீரை மைனா குடித்தது. ஆனால் பால்மரத்தை ஒற்றைக் கையால் ஒழுங்காக வெட்ட முடியாது. கத்தி ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம் பட்டது. சேதத்தைப் பார்த்துத் தோட்டத்துத் துரை பல்லைக் கடித்தார். அடுத்த வருஷம் ரப்பர் விலை அடியோடு விழுந்தபோது, வேண்டாத ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பும் பட்டியல் எல்லாத் தோட்டங்களிலும் தயாரானது. மெராந்தித் தோட்டத்தில் யார் பெயரைச் சேர்ப்பது என்று துரை யோசிக்கவே இல்லை. தூக்கிய கை எல்லாவற்றையும் சேர்த்தார்.

பேச்சியம்மாள் ஒரு மத்தியானம் நகர சபைக்கு வந்து, கை முட்டாமல் குனிந்து, சபாபதியின் அறைக்குள் நுழைந்தாள்.

"தம்பி, ஒரு வார்த்த சொல்லிரு. மத்தவங்க கை எறங்குச்சுன்னா தொர வேலைக்கு வச்சுக்குவாரு. ஊருல எங்களுக்கு யாரு இருக்கா?"

"சொன்னா எனக்குப் பதவி போயிரும்க்கா. பதவி இருந்தாத்தான் இந்தப் பட்டியல நிறுத்த முடியும். மொதல்ல நிறுத்திட்டு, அப்புறமா சொல்றேன்."

"நெசமா நிறுத்திருவியா?"

"நிறுத்துவேன்க்கா."

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு கூட்டங்களில் மேசையைத் தட்டிப் பேசினார். இரண்டு முறை பட்டியலைத் தள்ளிப்போட வைத்தார். அந்த மாதங்களில் அவர் நல்ல உறுப்பினராகவே இருந்தார் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் இந்தக் கைகளால்தானே இது முடிந்தது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, அந்தச் சொல்லை இன்னொரு மாதம் விழுங்கினார். மூன்றாவது கூட்டத்தில் அவர் பேசி முடிப்பதற்குள் பட்டியலில் கையெழுத்தாகிவிட்டது. அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள்.

1931 நவம்பரில் ஒரு காலை, சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் நான்கு பெட்டிகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. பெட்டிக்குள் கூரை இடித்ததால் எல்லோரும் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார்கள். சபாபதி பிளாட்பாரத்தில் ஓடிவந்தார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. இனிப் பதவி போனால் போகட்டும், தானும் இதே ரயிலில் ஏற வேண்டியிருந்தால் ஏறலாம் என்று அவர் அன்று முடிவு செய்திருந்தார். நான் அதை நம்புகிறேன். இருபது மாதம் முன்னால் முடிவு செய்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். மூச்சு வாங்கிக்கொண்டு, "கைய இறக்குங்க!" என்று கத்தினார். கைகள் ஒன்றாக விழுந்தன. நனைந்த துணியைக் கல்லில் போட்டதுபோல ஒரு சத்தம் நான்கு பெட்டியிலும் ஓடியது. சிலர் அழுதார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை இரண்டு கையாலும் எடுத்து, சும்மா பிடித்துக்கொண்டே இருந்தாள். சபாபதியை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது பெட்டியில் ஒரு கை மட்டும் நின்றது.

"அக்கா, இறக்குங்க," என்றார் சபாபதி. இன்னொரு முறை போலீஸ் குரலிலும் சொன்னார். கை அசையவில்லை.

"அது நீ சொல்லி ஏறுன கையில்ல, தம்பி," என்றாள் பேச்சியம்மாள். "அன்னைக்கு நீ எந்திரிக்கும்போதே நானாத்தான் தூக்கிட்டேன். நீ சொன்னா எப்பிடி எறங்கும்?"

"அப்ப நீங்களா இறக்குங்கக்கா. உங்களக் கும்புடுறேன்."

"எறக்கத்தான் பாக்குறேன். மனசு வர மாட்டேங்குது."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். இந்தக் கதையில் அவருக்காக நான் வருத்தப்படும் இடம் இது ஒன்றுதான். அவளுக்காக வருத்தப்பட நிறைய இடம் இருக்கிறது. கதிரேசு பச்சைக் கொடியை அசைத்தார். அது அவர் வேலை.

அன்று சாயங்காலமே சபாபதி பதவி விலகல் கடிதத்தோடு மாவட்ட அதிகாரியிடம் போனார். அதிகாரி கதிரேசுவைக் கூப்பிட்டு விசாரித்தார். "ஒரு கை நிக்குது துவான். மற்றாக்களுக்கு ஒரு கையும் இல்லை. நான் கண்டதைத்தானே சொல்ல வேணும்?" என்றார் கதிரேசு. உண்மைதான், கள்ளுக்கடைக்காரரின் முப்பத்தொரு பேரும், நடந்ததைப் பார்த்தபின், எந்தக் கூட்டத்திலும் கையை மடியைவிட்டு எடுப்பதில்லை. ஒன்றுக்குச் சூன்யம் என்பது தெளிவான பெரும்பான்மை என்று சொல்லி, அதிகாரி கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். சபாபதி அதன்பிறகு மூன்று முறை விலகப் பார்த்தார். மூன்று முறையும் அதே பதில்தான்.

பேச்சியம்மாள் கமுதிக்குப் பக்கத்தில் தூரத்து உறவினர் வீட்டில், மாட்டுக்கொட்டகையில் தங்கினாள் என்று தெரிகிறது. வேலை யாரும் கொடுக்கவில்லை. சங்கம் ஆண்டுதோறும் அவ்வூர்க் கிராம முன்சீப்புக்கு எழுதிக் கேட்கும். மேற்படி பேச்சியம்மாளின் வலது கை உயர்ந்தபடியே உள்ளது என்று அவர் முத்திரை வைத்துப் பதில் போடுவார். 1936இல் வந்த பதில் சற்று நீளமாக இருந்தது. பேச்சியம்மாள் வைகாசியில் காய்ச்சல் கண்டு இறந்தாள், குழியை வழக்கத்தைவிட ஆழமாக வெட்டியும் கை வெளியே நின்றது, மூன்று தடவை மண் குவித்து மூடியும் மண்ணுக்குமேலே ஒரு சாண் தெரிகிறது, ஊரில் யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை, ஆடு மேய்க்கிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று முன்சீப் எழுதியிருந்தார்.

சபாபதி அந்தக் கடிதத்துக்கு முதல்முறையாகத் தானே பதில் எழுதினார். அந்தப் பக்கம் வெயில் கடுமை என்று கேள்விப்பட்டிருப்பதால் அந்த இடத்தில் பனையோலையால் ஒரு மறைப்புப் போட முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார். போட்டாயிற்று, கை நிழலில் நலமாக இருக்கிறது என்று பதில் வந்தது. 1937 ஜனவரிக் கூட்டத்தில் கதிரேசு அதை வாசித்தார். மாவட்ட அதிகாரி ஓரத்தில் ஆதரவு தொடர்கிறது என்று எழுதிவிட்டு, அடுத்த பொருளான சந்தைச் சாக்கடைக்குப் போனார்.