வெறும் சட்டைக்கை

டெல்பின் அப்பாவின் இடது கையில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டு வலது கையைத் தேடினாள். வெள்ளைச் சட்டையின் வலது கை வெறுமனே கிடந்தது. தோள் ஆபரேஷனுக்குப் பிறகு மாட்டிய, கழுத்திலிருந்து கையைத் தாங்கும் ஸ்லிங்கோடு கையை உள்ளேயே வைத்து, சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு மூடியிருந்தார்கள்.

"ரெண்டு கையையும் சேத்து வெச்சாத்தானே ஜெபமாலை நிக்கும். இதக் கழட்டாம எதுக்குச் சட்ட போட்டீங்க?"

"இருக்கட்டும் அண்ணி," என்றாள் தம்பி மனைவி பெலிண்டா. "ஆறு வாரம் கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருந்தாரு."

"இனிமே எந்த டாக்டருக்குப் பயம்?"

பெலிண்டா சவப்பெட்டியின் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

ரத்தம் கட்டி நுரையீரலை அடைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகத் தம்பி பிரிட்டோ நேற்று சாயங்காலம் போனில் அழுதான். கோயம்புத்தூரிலிருந்து திருச்சி வரும்வரை டெல்பின் அதை நம்பத்தான் பார்த்தாள். ஆனால் ஆபரேஷன் முடிந்த இந்த இருபது நாளில் அப்பா முகத்தை ஒரு தடவைகூட வீடியோவில் காட்டவில்லையே. எப்போது கூப்பிட்டாலும் பெலிண்டாதான் எடுப்பாள். மாமா தூங்குறாங்க. மாமாவுக்கு எக்சர்சைஸ் நேரம். வீடியோ வேணாம் அண்ணி, நெட் சரியில்ல. ஊருக்கு நடுவே இருக்கிற பாலக்கரையில் நெட் சரியில்லையாம். பிரிட்டோ வேலைக்குப் போனால் பகல் முழுக்க வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். விழுந்திருப்பாரோ? விழுந்ததை மறைத்தாளோ?

நாலு மணிக்குப் பூசை. ஒரு சின்ன காயம் தெரிந்தாலும் பெட்டியை மூட விடப்போவதில்லை.

உறவுக்காரர்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள்.

"கதவச் சாத்து."

"வேணாம் அண்ணி."

"நீ சாத்துறியா, நான் பிரிட்டோவக் கூப்பிடவா?"

பெலிண்டா சாத்தினாள். டெல்பின் பட்டன்களைக் கழற்றினாள். பவுடர் வாசனை வந்தது. தோளில் ஆபரேஷன் தையல் போட்ட இடம் காய்ந்து சுத்தமாக இருந்தது. கன்றிப்போன இடம் ஒன்றுகூட இல்லை. கழுத்தில் ஏறும் பட்டையில் மட்டும் ஏதோ துணியை மடித்து, பொடிப்பொடியாகத் தையல் போட்டிருந்தது. ஊதாச் சுங்குடி.

அம்மாவின் சேலை. அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வீடெல்லாம் தேடியும் கிடைக்காத சேலை. அன்று பெலிண்டாவின் பீரோவைக்கூட டெல்பின் விடவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"மாமா தலகாணி உறைக்குள்ள. எனக்கே தெரியாது அண்ணி. பட்டை கழுத்த அறுக்குதுன்னு அவங்களே உருவிக் குடுத்தாங்க." குரல் இறங்கியது. "நீங்க ஆசையாக் கேட்ட சேல. அதப் போயி வெட்டிட்டேனேன்னு... வீடியோல தெரிஞ்சா என்ன நெனப்பீங்களோன்னு..."

"மீதி?"

"அந்த உறைக்குள்ளயே வெச்சிட்டேன்."

கதவைத் தட்டினான் பிரிட்டோ. "அக்கா, ஃபாதர் வந்துட்டாரு. மூடலாமா?"

"இரு."

ஜெபமாலையை இடது கையிலேயே விட்டாள். சட்டையைப் பழையபடி இழுத்துவிட்டுக் கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். கடைசிப் பட்டனுக்கு முன்னால், பட்டைக்கும் அப்பாவின் கழுத்துக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்து, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.