வாசிக்காமல் விட்ட பந்தி

…சொல்லத்தான் வேணும், இண்டைக்கே சொல்லிப்போட வேணும், நாளைக்கு விடிஞ்சால் வரதன் வேலைக்குப் போயிடுவான், பிறகு கிழமை முழுக்க அவனுக்கு அலுப்பு, வீட்டில் எந்நேரமும் என்ர பெண்சாதி சிவனேஸ் இருப்பாள், அவளுக்கு முன்னால் சொல்லவா முடியும், இந்த மண்டபம்தான் நல்லது, இவ்வளவு சத்தத்துக்குள் ஒருத்தரும் கேட்கமாட்டினம்… என்று நினைத்தபடி சச்சிதானந்தன் வாங்கில் நகர்ந்து வரதனுக்குக் கிட்டப் போனான், போனவன் வாயைத் திறந்து, "குளிருதே?" என்று மட்டும் கேட்டான், கேட்டுவிட்டுத் தன்னைத் தானே மனதுக்குள் திட்டினான். தகரக் கூரை, அவுஸ்திரேலியாவில் பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம், ஆவணி மாதத்துச் சனிக்கிழமைப் பின்னேரம், இரண்டு உள்ளூர்க் கழகங்களின் கூடைப்பந்து ஃபைனல், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம், பார்க்க வந்ததெல்லாம் மிஞ்சி மிஞ்சிப் போனால் இருநூறு பேர், அதில் பாதி விளையாடுகிறவர்களின் பெண்சாதி பிள்ளைகள். "குளிர் இருக்கட்டும், நீ எந்தப் பக்கம்?" என்றான் வரதன். பச்சை என்று சச்சி சொல்லி வாய் மூடவில்லை, "அப்ப எனக்கு நீலம்" என்றான். அப்ப எனக்கு… எப்பவும் இவன் இப்படித்தான், மற்றவன் எடுத்து மிஞ்சினதுதான் இவனுக்கு. மூன்று கிழமைக்கு முதல் விமானத்தால் இறங்கினவன், சச்சியின் பழைய கோட்டைப் போட்டிருக்கிறான், கை ஒரு சாண் கட்டை, மணிக்கட்டு வெளியே நிற்கிறது, அதைக்கூட ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டுக்கொண்டு திரிகிறான்.

வரதன் பள்ளிக்கூட நாளில் உண்மையாகவே விளையாடினவன், சச்சி வெளியில் நின்று கத்தினவன், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு கொழும்பில் இரண்டு பேருக்கும் வேலை ஒரே கந்தோரில், பாலங்களுக்குப் படம் வரைகிற ஒரே மேசை, வெள்ளவத்தையில் ஒரே போடிங்கில் ஒரே அறை. அந்த நாளில் தொலைக்காட்சி எங்கே, அமெரிக்காவில் சம்பளத்துக்கு விளையாடுகிற அந்த நெடுவல்களைக் கண்ணால் கண்டவன் ஆர்? கண்டதெல்லாம் அமெரிக்க வாசிகசாலைக்குக் கப்பலில் வருகிற சஞ்சிகை, இரண்டு மாதம் மூன்று மாதம் பிந்தி வரும், படம்கூடக் கறுப்பு வெள்ளை, அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பிடித்த சண்டை இருக்கிறதே… சச்சிக்கு பொஸ்டன், வரதனுக்கு லொஸ் ஏஞ்சலஸ். அறுபத்திரண்டில் தொடங்கினது. ஃபைனலில் இந்த இரண்டும் சந்திக்கும், பொஸ்டன் வெல்லும், அடுத்த வருசமும் சந்திக்கும், பொஸ்டன் வெல்லும், வரதன் இரண்டு நாள் கதைக்கமாட்டான், மூன்றாம் நாள், "வாற வருசம் பாரடா" என்பான். வாசிக்கிறதுக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். சச்சியின் பேரிலுள்ள கார்ட்டில் சஞ்சிகையை இரவல் எடுத்து வருவது, பக்கத்தை வெள்ளைக் கடதாசியால் மூடுவது, ஒரு வரி ஒரு வரியாகக் கடதாசியை இறக்கி, சச்சி றேடியோக்காரன் மாதிரிக் குரலை ஏற்றி இறக்கித் தமிழில் சொல்லுவது. முடிவை ஆரும் முந்திப் பார்க்கக்கூடாது, பார்த்தால் அவன் அளாப்பி, சின்னப் பிள்ளைகள் போளை அடிக்கேக்க கள்ளவிளையாட்டு விளையாடுகிறவனுக்குச் சொல்லுவார்களே, அதே பேர்தான். எப்பவோ முடிந்து, வென்றவன் தோற்றவன் எல்லாரும் வீட்டுக்குப் போய் மறந்தும் போன ஆட்டத்துக்கு, வெள்ளவத்தையில் ஒரு அறைக்குள் இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள் கட்டிலில் ஏறி நின்று கத்துவார்கள், போடிங்கார ஐயா தன் றேடியோவைக் குறைத்துவிட்டுக் கீழே இருந்து தடியால் தட்டுவார். என்ன ஒரு விசர்! என்ன ஒரு சந்தோசம்… இப்ப நினைத்தாலும் சச்சிக்கு நெஞ்சு நிறைந்து வந்தது, பக்கத்தில் திரும்பிப் பார்த்தான், வரதன் உடம்பை முன்னுக்குச் சரித்து, அதே இருபத்தெட்டு வயது வரதன் மாதிரியே, பந்து போகிற பக்கமெல்லாம் நாடியைத் திருப்பிக்கொண்டிருந்தான். முன்னந்தலை மட்டும் வெளித்துப்போய்க் கிடந்தது.

அறுபத்தொன்பதில் பெரிய எஞ்சினியர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவுஸ்திரேலியாவில் இரண்டு வருசப் படிப்பு, கந்தோருக்கு ஒரே ஒரு இடம், நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்கு வந்தனீங்கள், ஒரே தகுதி, உங்களுக்குள்ளே பேசி வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பேரைத் தாங்கோ என்றார், அந்தாள் அப்படிச் சொல்லாமல் தானே ஒருத்தனைச் சொல்லியிருக்கலாம்… சிவனேஸின் தகப்பன் அப்பதான் சொல்லியிருந்தார், வெளிநாட்டுப் படிப்பு ஒன்று இருந்தால் பார்ப்பம், இல்லாவிட்டால் உரும்பிராயில் ஒரு டொக்டர் மாப்பிள்ளை நிற்கிறான் என்று. இது வரதனுக்கும் தெரியும், சிவனேஸின் கடிதங்களை ஒளிக்க அவன்தானே தன் பெட்டியைத் தந்தவன். வியாழக்கிழமை மத்தியானம் சச்சி வாசிகசாலைக்குப் போனான், சஞ்சிகை வந்திருந்தது, ஃபைனல் வந்திருந்தது, அட்டையில் ஒன்றும் இல்லை. மூடிவைத்துக் கொண்டுவந்திருக்கலாம், ஏழு வருசம் அப்படித்தானே கொண்டுவந்தவன்? அண்டைக்கு மட்டும் அந்தக் கை ஏன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினது? பொஸ்டன், ஏழாவது ஆட்டத்தில், இரண்டு பொயின்ற்ஸ். புரட்டினதுகூடப் பரவாயில்லை, வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, சும்மா பகிடிக்குச் சொல்கிறவன் மாதிரி, "வரதன், நாங்கள் கதைச்சு ஒரு முடிவும் வராது, பேசாமல் ஃபைனலில விடுவம், ஆரின்ர பக்கம் வெல்லுதோ அவன்ர பேரைக் குடுப்பம்" என்று சொன்னானே, அதுதான், அதுதான் ஒன்பது வருசமாக மனதை விட்டு இறங்கவில்லை. வரதன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிரித்தான். "சரியடா. இந்த முறை எங்களிட்டப் புதுசா வந்த அந்த நெட்டையனும் இருக்கிறான். விடமாட்டன்." அவன் அப்படி நம்பினதில் பிழை இல்லை, அந்த வருசம் எல்லாரும் லொஸ் ஏஞ்சலஸ்தான் என்றார்கள், அதுதானே சச்சிக்கு வசதியாகப் போனது.

அண்டைக்குப் பின்னேரமே வாசித்தான். முடிவு தெரிந்துகொண்டு தெரியாதவன் மாதிரிக் குரலை நடுங்க வைத்தான், கடதாசியை மெல்ல மெல்ல இறக்கினான், வரதன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "போடு, போடு" என்று கத்தினான், சச்சி கடதாசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரே ஒரு பந்தியை மட்டும் அவன் வாசிக்கவில்லை. லொஸ் ஏஞ்சலஸ்காரர் வெற்றி தங்களுக்குத்தான் என்று நம்பி, ஆயிரக்கணக்கான பலூன்களைக் கூரையில் கட்டிவைத்திருந்தார்களாம், தோற்ற பிறகு அதுகள் அப்படியே மேலே நின்றதாம். அதை வாசிக்க வாய் வரவில்லை, அவன்ர படிப்பையும் பறித்து அவனுக்கு இதையும் வாசித்துக் காட்டுவதா என்று இருந்தது, கடதாசியை ஒரேயடியாகக் கீழே இறக்கி, அந்தப் பந்தியைத் தாண்டி, முடிவைச் சொல்லி, சஞ்சிகையைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். வரதன் இந்த முறை இரண்டு நாள் கதைக்காமல் இருக்கவில்லை. உடனேயே எழும்பிக் கையைப் பிடித்துக் குலுக்கினான், "வா, கடற்கரைக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றான். தண்டவாளத்தைக் கடந்து இரண்டு பேரும் நடந்தார்கள், காற்று, அவன் என்னவோ கேட்டான், சச்சி என்னவோ சொன்னான், சொன்னது ஒன்றும் ஞாபகம் இல்லை, மனம் எங்கே அங்கே இருந்தது… அடுத்த நாள் பெரிய எஞ்சினியரிடம் சச்சியின் பேரைக் கொடுத்ததே வரதன்தான்.

இடைவேளை விட்டார்கள், பச்சை ஆறு பொயின்ற்ஸ் முன்னுக்கு. சிவனேஸ் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் கட்டித் தந்த வடையை வரதன் திறந்தான், பிளாஸ்கின் மூடியில் தேத்தண்ணி ஊற்றிச் சச்சிக்கு முதலில் நீட்டினான், பக்கத்து வாங்கில் இருந்த வெள்ளைக்காரப் பெண்பிள்ளை வடையை வடிவாகப் பார்த்தது, அதுக்கும் ஒன்று கொடுத்தான், இங்கிலீசு அவனுக்கு இன்னும் கந்தோர்க் கடித இங்கிலீசுதான், "கைன்ட்லி டேக்" என்றான். இவன் வந்திருக்க வேண்டிய ஊர் இது. எழுபதில் வந்திருந்தால் இண்டைக்கு பரமட்டாவில் சச்சியின் கதிரையில் இவன் இருந்திருப்பான், செவன் ஹில்ஸில் வீடு வாங்கியிருப்பான். போன வருசம் ஆவணிக் கலவரத்தில் அனுராதபுரத்தில் இருந்திருக்கமாட்டான், வீடு எரிந்திருக்காது, பெண்சாதி யோகாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அகதியாகக் கொழும்பில் கப்பலேறி காங்கேசன்துறையில் வெறுங்காலோடு இறங்கியிருக்கமாட்டான். யோகாவின் கடிதத்தில் அந்த ஒரு வரி, சப்பாத்துக்கூட இல்லாமல் வந்தவர் அண்ணா… அதை வாசித்த அண்டைக்கு சச்சி கந்தோர்க் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதான். பிறகுதான் ஓடி ஓடிக் கடதாசி எழுதினது, கையெழுத்துப் போட்டது, முதலில் இவனை மட்டும் கூப்பிட்டது, யோகாவும் பிள்ளைகளும் இன்னும் ஊரில்தான். கூப்பிட்டு என்ன? நாற்பத்துமூன்று வயதில், பாலங்களுக்குப் படம் வரைந்த கை, நாளைக்கேதான், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் இல்லை என்று உடனே வரச்சொன்னார்கள், செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கப் போகிறது. காலமை சிவனேஸ்தான் சொன்னாள், "இஞ்சாருங்கோ, அவர் ஒரு சொல்லுக் குறைசொல்லாமல் இருக்கிறதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்று. அவளுக்குத் தெரியாது. அவளுக்காகத்தான் செய்தது என்று அவளுக்குச் சொன்னால் அவள் தன்னை என்ன மாதிரிப் பார்ப்பாள்? இவன் என்ன மாதிரிப் பார்ப்பான்? எழும்பிப் போய்விட்டானென்றால்? இந்த ஊரில் அவனுக்கு வேறு ஆர் இருக்கிறார்கள், சச்சிக்குத்தான் வேறு ஆர் இருக்கிறார்கள்?

"வரதன்" என்றான். "ம்." "உன்னட்ட ஒண்டு சொல்லவேணும், கனகாலமா…" விசில் ஊதிவிட்டது. "பிறகு சொல்லடா, மட்சைப் பார்" என்றான் வரதன், முழங்கையால் ஒரு இடி இடித்தான். நீலம் விடாமல் துரத்தினது, ஆறு நாலானது, நாலு இரண்டானது, மண்டபம் முழுக்கக் காலால் பலகையை உதைத்தது, ஸ்கோர் பலகையைப் புரட்டுகிற கிழவருக்குக் கை ஓயவில்லை. கடைசி ஒரு நிமிசம், பச்சை ஒரு பொயின்ற் முன்னுக்கு, பந்து நீலத்தின் கையில், பயிற்சியாளர் நேரம் கேட்டு ஆட்களை வெளியே கூப்பிட்டார். சரி, இப்ப சொல்லிப்போடுவம், இதுதான் நேரம் என்று சச்சி மூச்சை இழுத்தான். வரதன் தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பதான் சச்சியும் பார்த்தான், கூரை மரத்தில் ஒரு மீன் வலை, அதற்குள் நாற்பது ஐம்பது பலூன், எல்லாம் பச்சை.

"பாரன், இவங்களும் கட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்றான் வரதன், சிரித்துக்கொண்டு. "தோத்தால் உதுகளை என்ன செய்வாங்கள் எண்டு அண்டைக்கும் யோசிச்சனான். உன்னட்டக் கூடக் கேட்டனான், நீதான் காதிலயே விழுத்தேல்லை."

"எண்டைக்கு?"

"அண்டைக்குத்தான், பேர் குடுக்கிறதுக்கு முதல் நாள். வெள்ளவத்தைக் கடற்கரையில. அவ்வளவு பலூனையும் பிள்ளையளுக்குக் குடுத்திருப்பாங்களோ எண்டு கேட்டனே."

ஓம். கேட்டவன். காற்றும், தண்டவாளமும், கையில் தேத்தண்ணியும், அவ்வளவு பலூனையும் பிள்ளையளுக்குக் குடுத்திருப்பாங்களோ… குரல்கூட இப்ப அப்படியே கேட்கிறது, தான் "குடுத்திருப்பாங்கள்" என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னதும் கேட்கிறது. ஆனால் அந்தப் பந்தியைத் தான் வாசிக்கவில்லையே? தாண்டிவிட்டேனே, பெட்டிக்குள் வைத்துப் பூட்டின திறப்பு என் மடிக்குள்தானே இருந்தது, பிறகெப்படி இவனுக்குப் பலூன்… போடிங்கார ஐயாவின் றேடியோ. விடிய ஐந்து மணிக்கு எழும்பிப்போய், பாட்டுக் கேட்கிறேன் என்று அமெரிக்க நிலையத்தை முறுக்கிக்கொண்டு நிற்பானே, அதில்தான் ஃபைனலையும் பலூனையும் கேட்டிருக்கவேணும். ஆட்டம் நடந்தது வைகாசியில். தான் பந்தயம் கேட்டது ஆடியில். அப்ப, ஃபைனலில விடுவம் என்று சொன்ன நேரம் இவன் பேசாமல் இருந்தானே கொஞ்ச நேரம், அது… தெரிந்துகொண்டோ சிரித்தவன்? தோற்கும் என்று தெரிந்துகொண்டோ, விடமாட்டன் என்று சொன்னவன்? அப்ப என்னையும் தெரியுமோ இவனுக்கு, கடைசிப் பக்கம் புரட்டினதும் முகம் கழுவினதும்? அதுக்கு முந்தின வருசங்களிலும் றேடியோவில் முந்தியே கேட்டுவிட்டுத்தானோ, சஞ்சிகை வரும்வரைக்கும் வாய் திறக்காமல் இருந்து, எனக்காகக் கட்டிலில் ஏறி நின்று கத்தினவன்?

நீலக்காரர் திரும்பி வந்து நின்றார்கள், விசில் ஊதினது. "என்னவோ சொல்ல வந்தனீ?" என்றான் வரதன், கண்ணைப் பந்தில் வைத்தபடி, கட்டைக் கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு. ஒன்பது வருசமாகச் சொல்லுவதற்கென்று வைத்திருந்தது ஒன்றும் வாயில் இல்லை, இப்ப இருந்தது கேட்பதற்கு ஒரு கேள்விதான், அது சொல்லுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. "ஒண்டுமில்லை" என்றான் சச்சி. "நான் பச்சையை விட்டுட்டன். நீலம் வெல்லட்டும்." வரதன் முதல் தடவையாகப் பந்திலிருந்து கண்ணை எடுத்து அவனைத் திரும்பிப் பார்த்தான், நீண்ட நேரம் பார்த்தான், அதற்குள் பந்து ஆரோ ஒருத்தனின் கையை விட்டுப் போயிருந்தது, இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.