சாவிக்குத் திறக்கும் கதவு

ஈப்போவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் கதவுகள் கீரைக்குத்தான் திறக்கும். சீனர்கள் வதக்கிச் சாப்பிடும் அந்தக் கீரைக்குச் சந்தையில் மலாய்ப் பெயர் சாவி. கட்டடம் எழும்பியபோது, வீட்டுக்கு ஒரு சாவி தரப்படும் என்று பலகையில் எழுதினார்கள். மறுநாள் ஆளுக்கொரு கட்டுக் கீரை வந்தது. பூட்டுகளையும் அதற்கேற்பச் செய்தார்கள்.

பச்சையாக நுழைத்தால் திறக்காது. அதனால் எல்லார் வாசலிலும் ஓர் அடுப்பும் சீனச்சட்டியும் உண்டு. நிறம் மாறாமல் வதக்கி, சூடாக ஒரு தண்டைத் துவாரத்தில் நுழைக்க வேண்டும். அந்த வீட்டில் வசிப்பவரே வதக்கியிருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் என் மனைவி தெய்வானை வதக்கினாள்.

அவளை எரித்துவிட்டு வந்ததிலிருந்து நான் வெளியில்தான் இருந்தேன். பன்னிரண்டு நாள் திறக்காத கதவு சுவராகிவிடும். உள்ளே கொடியில் அவள் கடைசியாகத் துவைத்துப் போட்ட சேலை கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை மூன்று கட்டு வாங்கினேன். முதல் கட்டு குழைந்தது. இரண்டாவது கறுத்தது. கதவின் ஓரங்களில் சுண்ணாம்பு ஏறத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டு கியோக் அக்கா ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்த சீனர். சட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்னாண்ணே, கீரையா கசாயமா?”

“சரியா வரல.”

“ஈரத்தோட போட்டா எப்படி வரும்? மூடி வேற. பச்சப்புள்ளையா, போத்திவிட?”

“தெய்வானை மூட மாட்டாளா?”

“ஒருநாளும் மூடுனதில்ல. நீங்க பக்கத்துலதான நிப்பீங்க?”

“நான் கதவையே பாத்துக்கிட்டு நிப்பேன்.”

அவர் தன் வீட்டுக்குள் போனார். உலர்ந்த துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். எண்ணெய் புகைந்ததும் நசுக்கிய பூண்டு. பிறகு தண்டுகள். அவை பளபளத்ததும் இலைகள். சட்டியின் விளிம்பில் கொஞ்சம் சோயா சாஸ். இன்னும் வேக வேண்டும் என்று தோன்றியபோதே இறக்கினேன்.

கதவு திறந்தது.

கொடியும் சேலையும் இருந்தன. சேலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். வீடு இல்லை. என்னைத் தேடி வெளியே போயிருந்தது.

“முந்தாநாள் சந்தைப் பக்கம் பாத்தேன்,” என்றார் கியோக் அக்கா. “மீன்காரன்கிட்ட உங்களத்தான் விசாரிச்சிக்கிட்டு இருந்துச்சு. வந்துரும்ணே.”

வீட்டுக்கு வதக்கத் தெரியாது. கதவைத் திறந்தே வைத்தேன்.